சந்தியோகுவின் முழம்

†
ஓலைமுனை, மன்னார்.
14.08.1972

அன்புள்ள மருமகன் கொன்ஸ்ரன்ரைனுக்கு,

மாமா பெனடிக்ற் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் நோவும் உன் மாமி செலீனாவின் வாயும் மட்டும் குறையவில்லை. உன் சுகத்தை அந்தோனியார் பார்த்துக்கொள்வார் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

சனிக்கிழமைப் பேப்பரின் கடைசிப் பக்கத்தில் உன் பெயர். நவம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் அழைப்புக் கிண்ணத்துக்குப் போகிற இலங்கைக் கூடைப்பந்து அணியில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டாவதாக எஸ். கொன்ஸ்ரன்ரைன். கடைசியில் போட்டிருக்கிறார்களே என்று யோசிக்காதே. "அப்போஸ்தலர் பன்னிரண்டு பேரிலையும் கடைசி ஆள் ஆரப்பா?" என்று உன் மாமி கேட்டாள். காட்டிக்கொடுத்தவனின் பெயர் வாயில் வர முன்னர் அடக்கி வைத்திருக்கிறேன்.

மீன்பிடிச் சங்கக் கந்தோரில் நான் அதை உரத்து வாசித்தபோது மீன் நிறுப்பதையே நிறுத்திவிட்டார்கள். நியாயம்தானே. இந்தக் கரையில் ஆறடி நாலங்குலத்துக்கு வளர்ந்தவன் எதற்கு உதவுவான்? வள்ளத்தில் நின்றால் வள்ளம் சரியும். திருநாளில் உன்னைச் சுருபக் கூடு தூக்கச் சேர்த்த அந்த ஒரு வருஷம், அந்தோனியார் உன் தோளிலிருந்து மற்றவர்களின் தோளுக்கு வழுக்கப் பார்த்தபடியே வீதி முழுவதும் போனார். அந்த உயரத்துக்கு இப்போது ஒரு வேலை கிடைத்திருக்கிறது.

உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். றோசம்மா அக்கா முழுவதையும் கேட்டார். "மலாயாவுக்குப் போறானாமோ? அப்ப மன்னாருக்கு வர வழி தெரியும்தானே" என்றார். நீ வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதற்கு மட்டும் ஒரு வரி பதில் எழுது.

இன்னொன்று. அடுத்த ஜூன் திருநாளுக்கு ஒரு மலர் அச்சடிக்கிறார்கள். 'சர்வதேச அரங்கில் நமது கூடைப்பந்து அணி' என்று ஒரு சரித்திரக் கட்டுரை என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கே போனார்கள், யாரோடு ஆடினார்கள் என்று கேட்டு எழுது. எனக்கு இரண்டு பக்கம்தான் தந்திருக்கிறார்கள். வெற்றிகளை மட்டும் அனுப்பினாலும் போதும்.

உன் மாமா,
பெனடிக்ற்


†
கொழும்பு 13
03.09.1972

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். நீங்களும் மாமியும் அம்மாவும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

வெற்றிகளை மட்டும் எழுதுவதென்றால் இரண்டு பக்கம் அதிகம். மூத்த ஆட்டக்காரர் சொல்வதை எழுதுகிறேன். எதற்கும் நான் சாட்சி இல்லை.

சுதந்திரம் கிடைத்த பிறகு முதல் தடவை போனவர்கள் கப்பலில் போனார்களாம். இறங்கி மூன்று நாளாகியும் தரை ஆடியதால் தோற்றார்களாம். அடுத்த தடவை விமானத்தில் போனார்கள். ஸ்கோர் மாறவில்லை. ஓர் ஊரில் எதிரணி நூறைத் தாண்டியபோது ஸ்கோர் பலகையில் மூன்றாவது இலக்கம் வைக்க இடமில்லை. பலகைக்காரர் எழுந்து, தான் இருந்த கதிரையைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். கதிரை என்றால் நூறு. மிச்ச ஆட்டம் முழுவதும் அவர் நின்றார். வென்ற ஆட்டமும் ஒன்று இருக்கிறது. அது எந்த நாட்டுக்கு எதிராக என்பதை மட்டும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள்.

இந்த வருஷம் நாட்டின் பெயர் மாறியது உங்களுக்குத் தெரியும். புது உடுப்புக்குத் துணி இல்லை. பழைய உடுப்பில் சிலோன் என்றிருக்கும் இடத்தின் மேல் ஸ்ரீலங்கா என்று ஒரு துண்டு வைத்துத் தைக்கிறோம். புதுப் பெயர் நீளம், எனக்கு நெஞ்சு ஒடுக்கம். கடைசி எழுத்து கமக்கட்டுக்குள் போகிறது.

கந்தோரில் எனக்கு வேலை தந்தது பந்துக்காக. அணியில் பெயர் இருக்கும்வரை ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். பெயர் போனால் நான் ஆள் குறைப்பில் முதலாவது. ஆகவே மாலையில் ஒவ்வொரு நாளும் பயிற்சிக்குப் போகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. அம்மாவுக்கு என் அன்பு.

கொன்ஸ்ரன்ரைன்


†
ஓலைமுனை
21.09.1972

அன்புள்ள மருமகனுக்கு,

சுகம், சுகம். மழை இல்லை, மீன் இல்லை, மாவும் இல்லை. மற்றபடி ஒரு குறையும் இல்லை.

கதிரைக் கதை மலருக்குப் போகிறது. ஆனால் நான் கேட்ட அந்த ஒரு வரி உன் கடிதத்தில் இல்லை. அக்கா என்னை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். நான் எங்கோ ஒரு வரியை விழுங்கிவிட்டேன் என்று அவருக்குச் சந்தேகம். ஊருக்கு வேறு சந்தேகம். கொழும்பில் உனக்கு ஒரு பெட்டை இருக்கிறாள் என்று பேச்சு. இதைத் தொடங்கியவன் நான் இல்லை. நான் மற்றவர்களுக்குச் சொன்னது மட்டும்தான்.

போன ஞாயிறு முருங்கன் அணி வந்து வழக்கம்போலத் தோற்றுப் போனது. அவர்களுடைய தலைவன் சிவசுப்பிரமணியம், வயலும் உழவு மெசினும் உள்ள பெடியன், ஆட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தான்.

"ஐயா, உங்கட வளையம் உயரம்."

"தம்பி, உங்கட ஆக்கள் கட்டை."

"பத்து வருசமா இதைத்தான் சொல்லுறியள். ஒருக்கா அளந்து பாருங்கோவன்!"

"அளந்தவர் புயலோட போயிட்டார். போய்க் கேட்டுக்கொண்டு வாரும்."

சங்கம் முழுவதும் சிரித்தது. தோற்கிறவனுக்குச் சொல்ல ஏதாவது வேண்டுமே. நாங்கள் முருங்கனுக்குப் போய் ஆடினால் எங்கள் பந்தெல்லாம் பலகைக்கு மேலால் போகிறதே, நாங்கள் வளையத்தையா குறை சொல்கிறோம்? கடற்காற்று இல்லாத ஊரில் ஆடிப் பழக்கமில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வருகிறோம். அந்த விளக்கத்தைச் சங்க அறிவித்தல் பலகையில் எழுதிப் போட்டவனே நான்.

உன் அப்பர் நட்ட வளையத்தைப் பற்றியும் மலரில் ஒரு பந்தி எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்து:

'1961இல் அப்போதைய பங்குச் சுவாமியார் வளையம் பத்து அடி உயரத்தில் இருக்கவேண்டும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். சுவாமியாரின் அறைவீட்டில் இருந்த அடிக்கோலைக் கறையான் தின்றிருந்தது. அமரர் சந்தியோகு, "சுவாமி, எனக்கு அடி தெரியாது. முழம் தெரியும்" என்றார். ஒரு முழம் ஒன்றரை அடி என்று கிட்டத்தட்டக் கணக்குப் பார்த்து, வலை அளக்கும் அதே கையால் ஆறே முக்கால் முழம் அளந்து, இரண்டு பனங்கம்பங்களையும் நட்டார். தன் பழைய வள்ளத்தின் பலகையை அறுத்து, வள்ளத்து ஆணியால் அடித்து, ஆணியின் முனையைப் பின்னால் மடித்தார். 64 புயலில் கோயில் ஓடு போனது, சங்கக் கட்டடம் போனது, கடலில் நின்ற அவரும் போனார். கம்பம் அசையவில்லை.'

எப்படி? கடைசி வரியில் பேனையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். நானே எழுதி நானே அழுவது எனக்குப் பழக்கம்தான்.

உன் மாமா,
பெனடிக்ற்


கொழும்பு 13
30.10.1972

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். எல்லோருடைய சுகத்துக்கும் பதில் வேண்டும்.

நவம்பர் 12 புறப்படுகிறோம். என் அளவுக்குச் சப்பாத்து இந்த நாட்டில் இல்லை. முனையை வெட்டித் தோல் வைத்துத் தைத்திருக்கிறேன்.

பெட்டை ஒருத்தியும் இல்லை. வேலை முடிந்த பிறகு நான் பார்ப்பது வளையத்தை மட்டும்.

அப்பாவைப் பற்றி எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. இடம் போதாவிட்டால் முழத்தைப் பற்றிய வரியை எடுத்துவிடுங்கள்.

முருங்கன் பெடியனோடு அவ்வளவு சிரிக்க வேண்டாம்.

கொன்ஸ்ரன்ரைன்


†
ஓலைமுனை
02.12.1972

அன்புள்ள மருமகனுக்கு,

சுகமாக வந்து சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் எழுதலாம். நீ ஒன்றும் எழுதவில்லை.

பேப்பரில் நான்கு வரி வந்தது. நாலு ஆட்டம், நாலும் தோல்வி. கடைசி ஆட்டம் பர்மாவோடு, ஒரு புள்ளியால். ஒரு புள்ளியால் தோற்பது நம் சரித்திரத்தில் வெற்றிக்கு மிகக் கிட்டிய இடம் என்று சங்கத்தில் பிரசங்கம் செய்தேன். கைதட்டினார்கள். நீ ஆடினாயா என்று கேட்டார்கள். நெஞ்சை நிமிர்த்தி ஓம் என்றேன். ஆடினாயா?

பெடியங்கள் உனக்காகச் சந்தியில் தோரணம் கட்டினார்கள். தலைமன்னார் றெயில் வரும் நேரமெல்லாம் போய்ப் பார்த்தார்கள். போன கிழமை ஆடு ஒன்று தோரணத்துக் குருத்தோலையைத் தின்றுவிட்டது. ஒருவரும் அதைத் துரத்தவில்லை.

உன் கடைசிக் கடிதத்தின் தலையில் நீ சிலுவை போடவில்லை. நான் கவனிக்கவில்லை, அக்கா கவனித்தார். அவருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் சிலுவை தெரியும். கடிதத்தைக் கையில் வாங்கினால் முதலில் அதைத்தான் தேடுவார்.

உன் அப்பரின் ஆண்டுப் பூசை 23ஆம் திகதி. வா.

பெனடிக்ற்


†
ஓலைமுனை
29.12.1972

மருமகனுக்கு,

நத்தார் வாழ்த்து பிந்தி வருகிறது. பூசை நடந்தது. உன் இடத்தில் நான் முழந்தாளிட்டேன். எழுப்புவதற்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

இனி வருவது அக்கா சொல்லச் சொல்ல எழுதுவது. என் பகிடி ஒன்றும் சேர்க்கக்கூடாது என்று உத்தரவு.

"மகன், நான் சுகம். பெட்டை எண்டால் கூட்டிக்கொண்டு வா. சிங்களப் பெட்டை எண்டாலும் பரவாயில்லை. எனக்கு மீனுக்கும் தண்ணிக்கும் சிங்களம் தெரியும், அது காணும். தோத்துப்போனியள் எண்டு மாமா சொன்னவன். அதுக்கென்ன? உன்ர அப்பர் எத்தினை நாள் வெறும் வலையோட வந்தவர். வந்தவர்தானே."

அவ்வளவுதான். நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

பெனடிக்ற்


கொழும்பு 13
28.01.1973

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். பதில் எழுதப் பிந்தியதற்கு மன்னிக்கவும். இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

ஆடினேன். முதல் மூன்று ஆட்டத்திலும் என்னை இறக்கவில்லை, ஓரத்தில் வாங்கில் குந்தியிருந்தேன். பர்மாவோடு ஆடிய கடைசி ஆட்டத்தில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் ஐந்து தவறு செய்து வெளியே போக வேண்டி வந்ததால் என்னை இறக்கினார்கள். ஒரு புள்ளி பின்னால் நின்றோம். நேரம் முடிகிற சமயத்தில் ஒருவன் என் கையில் அடித்தான். அதற்காக எனக்கு இரண்டு எறிவு. ஒன்று விழுந்தால் சமம், இரண்டும் விழுந்தால் வெற்றி. நேரம் முடிந்துவிட்டதால் மற்ற எல்லோரும் விலகிப் போய்விட்டார்கள். நானும் வளையமும்தான் நின்றோம்.

முதலாவது பலகைக்குக் கொஞ்சம் மேலால் போனது. இரண்டாவது நன்றாக மேலால் போனது. பின்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி பிடித்தார். நல்ல பிடி.

கோச் ஏசவில்லை. "உன் கை எங்கே போனது?" என்று மட்டும் கேட்டார். நான் தெரியாது என்றேன். எனக்குத் தெரியும், மாமா. ஓலைமுனைக்குப் போனது.

முருங்கன்காரர் சொல்வது சரி. நம் வளையம் உயரம். ஓர் அடிக்கு மேல். கொழும்புக்கு வந்த முதல் நாளே கண்டுகொண்டேன். இங்குள்ள வளையம் எனக்குக் கதிரையில் ஏறி நின்று பார்ப்பது போலிருந்தது. அப்பாவின் முழம் ஒன்றரை அடி இல்லை. அவருடைய கை நீளம், வலைக்கும் அது நீளமாகத்தான் அளந்தது. வலை நீளமாக இருந்தால் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள்.

என் கையைத் திருத்த மாதக் கணக்கில் எடுத்தது. ஆனால் ஊருக்கு வந்தால் பெடியங்கள் விடமாட்டார்கள், நானும் மாட்டேன் என்று சொல்லமாட்டேன். ஒரு கிழமை அங்கே எறிந்தால் கை பழையபடி உயரத்துக்குப் போய்விடும். திரும்பி வந்து மறுபடி தொடக்கம். ஏன் ஆடவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? வளையத்தில் பிழை என்றா? அதனால் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

ஜூலையில் அடுத்த அணித் தெரிவு. அதில் விழுந்தால் வேலையும் போகும். அதுவரை இங்கேயே இருந்து எறிந்து பழகவேண்டும்.

கம்பத்தில் ஒருவரும் கை வைக்க வேண்டாம். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

கொன்ஸ்ரன்ரைன்


†
ஓலைமுனை
24.02.1973

அன்புள்ள மருமகனுக்கு,

இங்கே சுகம். ஆனால் முழுவதையும் வாசித்த பிறகு நீ அப்படி நினைக்கமாட்டாய்.

என்னிடம் ஒரு ரகசியம் சொல்வது சங்கப் பலகையில் எழுதிப் போடுவதற்குச் சமம் என்று உன் மாமி சொல்வாள். உன் கடிதம் வந்து ஒரு கிழமை நான் வாயைத் திறக்கவில்லை. "சுகமில்லையோ?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நான் நினைத்தேன், ஒருவேளை கொழும்புக்காரரின் வளையம்தான் உயரம் குறைவோ என்று. ஆகவே உப்புக்குளத்துத் தையற்காரர் ஹுசைனிடம் அளவு நாடா இரவல் வாங்கினேன். வயிற்றை அளக்கவோ என்று கேட்டு, நீளம் காணாது என்றும் சொன்னார். ஊர் மத்தியானச் சோறு தின்னும் நேரம் பார்த்து ஏணி வைத்து ஏறினேன். நாடா ஐந்து அடி. துண்டு துண்டாய் ஊசி குத்திக் குத்தி அளந்து வளையத்துக்குக் கிட்டப் போய்விட்டேன். கீழே ஒரு குரல்.

"பெனடிக்ற், அதில என்ன செய்யிறாய்?"

"காகக் கூடு பாக்கிறன், அக்கா."

"கழுத்தில தையல் நாடாவோடையோ?"

ஏணியில் நிற்கிற குண்டனுக்குப் பொய் சொல்ல இடமில்லை. இறங்கினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்றேகால் அடி. நீ எழுதியதையும் சொன்னேன், அந்தப் பெண்மணி பிடித்த பந்து உட்பட.

அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவருக்குச் சட்டை தைக்கேக்க கைக்கு எப்பவும் துணி கூட வேணும்" என்றார். பிறகு கம்பத்தில் தட்டினார். "ரெண்டு வருசமா என்ர பிள்ளையை வரவிடாமல் வைச்சிருந்த பெட்டை இதுதானோ?"

தச்சன் அம்புறோசைக் கூப்பிட்டு, பலகையைக் கழற்றிக் கீழே பதித்து அடிக்கலாமா என்று கேட்டேன். அவன் பின்னால் போய் மடித்த ஆணிகளைத் தடவிப் பார்த்தான். "இது கழட்டிறதுக்கு அடிச்ச ஆணி இல்லை. பிடுங்கினால் பலகை விறகுதான். கம்பத்தை அரிஞ்சு விடட்டோ?"

"அவர் நட்டதில ஆராவது வாளை வைச்சியளோ, நான் கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு நிப்பன்" என்றார் அக்கா.

"அப்ப என்னதான் செய்யிறது?" என்றேன்.

"மேல கை வைக்காதேங்கோ எண்டுதானே சொன்னனான். கீழ ஒருத்தரும் தடுக்கேல்லையே. நிலத்தை ஏத்துங்கோ."

அம்புறோஸ் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த நாள் விடியப் பார்த்தால் கடகத்தில் மண் சுமந்து போகிறார், தன்னந்தனியாக. அந்த மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. அவர் திரும்பப் போய் அள்ளுகிறார்.

மன்னித்துக்கொள்.

பெனடிக்ற்


கொழும்பு 13
11.03.1973

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம்.

உங்களிடம் ரகசியம் ஒரு கிழமை நின்றது. நான் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

அம்மாவை மண் சுமக்க விட வேண்டாம். ஊர் சிரிக்கும். அப்பாவின் அளவு பிழை என்று ஊருக்குத் தெரிவதைவிட நான் வராமல் இருப்பது சுலபம். தயவுசெய்து நிறுத்துங்கள்.

கொன்ஸ்ரன்ரைன்


†
ஓலைமுனை
03.05.1973

அன்புள்ள மருமகனுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள். நிறுத்தவில்லை. அதனால்தான் பதிலும் எழுதவில்லை. வேலை முடியட்டும் என்றிருந்தேன்.

தவக்காலம் தொடங்கிய கிழமை சுவாமியார் பிரசங்கத்தில் சொன்னார்: "இந்த வருசம் ஒருத்தரும் சுருட்டை விட வேண்டாம், சாராயத்தை விட வேண்டாம். விட்ட மாதிரி எனக்கு வந்து சொல்லவும் வேண்டாம். வீட்டுக்கொரு ஆள் வந்து பந்தடிக்கிற வளவுக்கு மண் போடுங்கோ." அக்கா அவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. சுவாமியாரும் சொல்லமாட்டேன் என்கிறார். பாவசங்கீர்த்தன ரகசியமாம்.

கடற்கரை மண் நிற்காது, மேலே இறுகி நிற்கிற கிறவல் மண் வேண்டும். கிறவல் எங்கள் தீவில் இல்லை. பாலம் தாண்டி முருங்கன் பக்கம் போக வேண்டும். போனேன். பஸ் நிலையத்தில் சிவசுப்பிரமணியம் தன் முழு ரீமோடும் தேத்தண்ணிக் கடையில் இருக்கிறான். கிறவல் என்று நான் வாயெடுக்க, ஏன் எதற்கு என்று கேட்டான். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. என்னை வாங்கில் ஏற்றி நிறுத்தினார்கள்.

"ஐயா, எங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். உங்கட வளையம் என்ன மாதிரி?"

"உயரம்."

"என்னது?"

"உயரம், தம்பி. உயரம்!"

பேதுருவும் மூன்று தடவைதானே சொன்னார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெடியன் பிறகு தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "அந்த நெடுவல் அண்ணையின்ர தாயோ மண் சுமக்கிறா?" ஓம் என்றேன். சனிக்கிழமை அவனுடைய உழவு மெசின் பெட்டி நிறையக் கிறவலோடு பாலத்தைத் தாண்டி வந்தது. அடுத்த சனியும் வந்தது. தவக்காலம் முழுவதும் வந்தது. ஒவ்வொரு தடவையும், "பத்து வருசமாச் சொன்னம், கேட்டியளோ?" என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்துவிட்டுத்தான் கொட்டுவான்.

ஊர் சிரிக்கும் என்று எழுதியிருந்தாய். சிரித்தது. சந்தியோகுவின் முழம் என்று ஒரு சொல்லே வந்துவிட்டது. சங்கத்தில் மீன் நிறுக்கும்போது, "சந்தியோகுவின்ர முழத்தில நிறு" என்கிறார்கள், தாராளமாய்ப் போடு என்று அர்த்தம். அக்காவுக்கு இது காதில் விழுந்த அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கோபம் இல்லை.

நிலம் ஒன்றேகால் அடி ஏறிவிட்டது. ஹுசைன் தானே வந்து தன் நாடாவால் அளந்தார். வளையம் இப்போது சரியாகப் பத்து அடி. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு முருங்கனோடு ஆட்டம் வைத்தோம். நம் பெடியங்கள் எறிந்த பந்தெல்லாம் பலகைக்கு மேலால் போய்ச் சேமக்காலைக் கல்லறைகளில் விழுந்தது. நாற்பது புள்ளியால் தோற்றோம். சொந்த நிலத்தில் முதல் தோல்வி. காற்றைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் அக்கா கம்பத்தடியில் நின்றார். கீழ்ப்பக்கம் கிறவலுக்குள் போய்விட்டதல்லவா, அதைப் பார்த்தபடி, "கொஞ்சம் கட்டையாய்ப் போனார்" என்றார்.

ஜூனில் திருநாள். இனி உன் கைக்கு இங்கே ஒரு பயமும் இல்லை. கூடு தூக்கக் கேட்கமாட்டோம்.

உன் மாமா,
பெனடிக்ற்


†
பாங்கொக்
16.09.1973

அன்புள்ள மாமாவுக்கு,

நான் சுகம். நீங்களும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவிடம் சொல்லுங்கள், தலையில் சிலுவை போட்டிருக்கிறேன். வாசிக்க முன்னர் காட்டுங்கள்.

ஜூலைத் தெரிவில் தேறியதை அங்கிருந்தே பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இந்தத் தடவை பதினோராவது பெயர். இதை மாமியிடம் மறக்காமல் சொல்லுங்கள். திருநாளுக்கு வந்து நின்ற நாட்களில் காலையில் அங்கே எறிந்தேன். திரும்பி வந்தபோது கை என்னோடுதான் வந்தது.

நீங்கள் மலரில் எழுதிய சரித்திரத்தை ரீமுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்த்தேன். 'வென்ற ஆட்டங்கள்' என்று தலைப்புப் போட்டு அதன் கீழ் அரைப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள். அச்சுப் பிழையோ என்று ஒருவர் கேட்டார். இல்லை, அதுதான் முழுக்கட்டுரையிலும் பிழையில்லாத இடம் என்றார் கோச்.

அந்த வெறுமை இன்னும் அப்படியே இருக்கலாம். மூன்று ஆட்டம் முடிந்தது, மூன்றும் தோல்வி. நேற்று மறுபடியும் பர்மா, பதினொரு புள்ளியால். பின்பாதி முழுவதும் நான் ஆடினேன். கடைசியில் எனக்கு இரண்டு எறிவு கிடைத்தது. அதனால் ஆட்டம் எந்தப் பக்கமும் மாறப்போவதில்லை, ஆட்கள் எழும்பிப் போகத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே அது எந்தச் சரித்திரத்திலும் வராது. உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது உள்ளே விழுந்தது. வளையத்தில் படவே இல்லை.

இரண்டாவது பலகைக்கு மேலால் போனது. கோச் தலையில் கை வைத்தார். கை தவறவில்லை, மாமா. அது நான் அப்பாவின் வளையத்தின் பழைய உயரத்துக்கு எறிந்தது. அங்கே விழுந்திருக்கும்.

ஆண்டுப் பூசைக்கு வாறன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உங்களை எழுப்பிவிட ஒரு கை கூட இருக்கும், நீளமான கை.

கொன்ஸ்ரன்ரைன்